மாசியில் எரிப்பதை ஐப்பசியில் தேடுகிறோம்

பெரம்பலூர் மாவட்டத்தில் தையும் மாசியும் மக்காச்சோளம் வீடு வந்து சேரும் மாதங்கள். கதிரை ஒடித்துக்கொண்டு போனபின் நிலத்தில் நிற்கும் தட்டைக்குப் பல இடங்களில் தீதான் முடிவு. வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்துக் கரிசலில் பருத்தி எடுத்து முடிந்த கொல்லைகளிலும் பருத்திமாரைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அடுத்துள்ள அரியலூர் மாவட்டத்தில் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரங்கள் முந்திரிக்குப் பேர்போனவை. அங்கே கொட்டை விழத் தொடங்குமுன் மரத்தடிச் சருகைக் கூட்டித் தீ வைப்பதுண்டு. கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர் பக்கம் கரும்பு வெட்டிய வயலில் சோகை எரிகிறது.

ஏழெட்டு மாதம் கழித்து இதே ஊர்களில் மரம் நடும் பருவம் வருகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, புரட்டாசியிலும் ஐப்பசியிலும் ஏரிக்கரை, பள்ளி வளாகம், சாலையோரம் எங்கும் குழி வெட்டுகிறார்கள். குழியில் இட எரு தேடினால் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரு டிராக்டர் நடைக்குச் சொல்லும் விலை ஊராட்சிக்குக் கட்டுப்படியாவதில்லை. கடைசியில் வெட்டிய மண்ணையே திரும்பத் தள்ளிக் கன்றை ஊன்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த பங்குனி வெயிலுக்குள் பல கன்றுகள் வெறும் குச்சியாகிவிடுகின்றன.

மாசியில் எரித்த பொருளும் ஐப்பசியில் தேடும் பொருளும் ஒன்றுதான். தட்டையும் சருகும் மக்கி எருவாக நான்கைந்து மாதம் போதும். நமக்கு இருப்பதோ ஏழெட்டு மாதம். இரண்டு மாவட்டங்களின் வேளாண்மையையும் காடு வளர்ப்பையும் சேர்க்கும் கண்ணி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஊர் கற்றுக்கொள்வதற்கும், கற்றதைச் செய்தவர் கையில் நாலு காசு சேர்வதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். அது இன்னும் அமையவில்லை.

தீ வைப்பவரின் கணக்கு

உழவர் அறியாமையால் எரிக்கிறார் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்லும் தீர்ப்பு. எரிப்பதற்கு அவரிடம் நல்ல கணக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் சோளத் தட்டையைத் தின்ன வீட்டுக்கு நான்கு மாடு இருந்தது. உழவு டிராக்டருக்கு மாறியபின் உழவு மாடு போனது. மீதமிருக்கும் கறவை மாட்டுக்கு எல்லாத் தட்டையும் தேவைப்படுவதில்லை. பருத்திமார் அடுப்பெரித்த காலமும் உண்டு. தமிழ்நாட்டில் 2007-ல் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது. பிறகு ஒன்றிய அரசின் உஜ்வலா வந்தது. பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் காத்த நல்ல மாற்றம் அது. ஆனால் அதன் பக்க விளைவாகப் பருத்திமாருக்கு வீட்டில் இருந்த வேலை போய்விட்டது. வேண்டாத பொருளாக அது கொல்லையிலேயே நிற்கிறது.

அடுத்தது விலை. ஒரு ஏக்கரில் 25 குவிண்டால் மக்காச்சோளம் விளைந்தால், ஏறக்குறைய அதே எடைக்குத் தட்டையும் நிற்கும். அந்தத் தட்டையில் உள்ள தழைச்சத்து சுமார் 15 கிலோ தேறும். மானிய விலையில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். ஆக, ஓர் ஏக்கர் தட்டையில் இருப்பது முக்கால் மூட்டை யூரியா. இருநூறு ரூபாய்ச் சங்கதி. இதற்காக ஆள்விட்டுத் தட்டையை அறுத்து, சுமந்து, குவித்து, தண்ணீர் தெளித்துக் காக்கச் சொன்னால் எந்த உழவர் கேட்பார்? ஒரு தீக்குச்சி அரை மணி நேரத்தில் நிலத்தைச் சுத்தமாக்கித் தருகிறது.

அந்தக் கணக்கில் ஏறாத பொருள்தான் பெரியது. தட்டையின் எடையில் கணிசமான பங்கு கரிமம். மண்ணைப் பொலபொலப்பாக வைப்பதும், பெய்த மழையைப் பிடித்துவைப்பதும், நுண்ணுயிருக்கு உணவாவதும் அது. யூரியா மூட்டையில் அது ஒரு கிராமும் பயன்படும் வடிவில் இல்லை. தீ வைத்தால் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பல்சத்து மட்டும் சாம்பலில் தங்கும்; அதையும் மாசிக் காற்றும் கோடையின் முதல் மழையும் பாதி வாரிக்கொண்டு போகும். மானாவாரியை நம்பும் பூமிக்கு இது தாங்கக்கூடிய இழப்பல்ல.

இன்னொரு காரணத்தையும் உழவர் சொல்வார்: பூச்சி. அதையும் மரியாதையோடு கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே பருவத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள்ளும் புகுந்தது. பெரம்பலூர் அதில் பட்ட அடி சிறிதல்ல. அந்த அச்சத்தில் தட்டையை எரிப்பவர்கள் உண்டு. ஆனால் படைப்புழு கூட்டுப்புழுவாகும்போது தட்டையைவிட்டு இறங்கி மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் போய் ஒளிகிறது. மேலே ஓடும் தீ அதை அதிகம் தொடாது. கோடை உழவில் புரட்டிப் போட்டால்தான் வெயிலிலும் பறவையின் வாயிலும் சாகும். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வேறு வகை. அது வெடிக்காத காய்க்குள் தங்கி, மார் நிற்கும்வரை பிழைத்திருக்கும். ஆகவே பருத்திமாரை நிலத்தில் நிற்கவிடக் கூடாது என்பது சரியான அறிவுரை. பிடுங்கியதை எரிக்காமல் இயந்திரத்தில் தூளாக்கிக் குவியல் போட்டாலும் அதே பலன் கிடைக்கும். ஒழுங்காகப் போட்ட குவியலின் உள்ளே சூடு 55 பாகை செல்சியஸைத் தாண்டும். புழுவும் களை விதையும் அந்தச் சூட்டில் பிழைப்பது அரிது. இந்த வேறுபாட்டை யார் உழவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறோம்?

கன்றின் பெயரில் ஒரு கணக்கு

காடு வளர்ப்பின் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்தோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. வேளாண் நிலங்களிலும் மரம் வளர்க்க, நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, உழவர்களுக்கு இலவசமாகக் கன்று போகிறது. நோக்கத்தில் குறையில்லை. பச்சைமலை அடிவாரமும் வெண்பாவூர், சித்தளி போன்ற சில காப்புக்காடுகளும் நீங்கலாகப் பெரம்பலூரில் இயற்கைக் காடு குறைவு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் தைலமரத் தோப்பும் முந்திரிக் காடும்தான் கண்ணில் படும். இங்கெல்லாம் காடு கூட வேண்டுமென்றால் அது பட்டா நிலத்திலும் ஊர்ப் பொது நிலத்திலும்தான் கூட முடியும்.

குறை அளவுகோலில் இருக்கிறது. எத்தனை கன்று வளர்த்தோம், எத்தனை வழங்கினோம், எத்தனை நட்டோம் என்பதே அறிக்கையின் முதல் பத்தியாக இருக்கிறது. கன்று இறங்கும் மண் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. செம்மண்ணும் சுக்கான்கல்லும் கலந்த மேட்டு நிலத்தில் ஒன்றரை அடிக் குழி வெட்டிச் செடியை வைத்தால், வேர் அந்தக் குழியைத் தாண்டுவதற்குள் கோடை வந்துவிடுகிறது. அந்த முதல் கோடையைத் தாண்ட உதவுவது குழியில் இட்ட எருவும், செடியைச் சுற்றிப் போட்ட மூடாக்கும்தான்.

கணக்காகவே பார்க்கலாம். ஓர் ஏக்கர் மக்காச்சோளத் தட்டை இரண்டரை டன் என்றால், மக்கியபின் ஒரு டன்னுக்குமேல் தேறும். குழிக்கு 5 கிலோ வீதம் இட்டால் அது 200 குழிகளுக்குப் போதும். ஐந்து ஏக்கர்த் தட்டை ஆயிரம் மரத்துக்கு. ஓர் ஊராட்சியில் ஒரு பருவத்தில் நடும் கன்றுக்கெல்லாம் எரு கொடுக்க, அந்த ஊர் மக்காச்சோளப் பரப்பில் ஒரு சிறு மூலையே போதும்.

வேளாண்மையும் மரமும் இப்படி ஒன்றுக்கொன்று கடன்பட்டவை என்பது இந்திய வனக் கொள்கைக்குப் புதிதல்ல. தேசிய வேளாண்மை ஆணையம் 1976-ல் தந்த அறிக்கையில் சமூகக் காடுகளை வலியுறுத்தியபோது சொன்ன காரணங்களில் ஒன்று: ஊருக்கு விறகு கிடைத்தால் சாணத்தை வறட்டி தட்டி எரிப்பது குறையும்; சாணம் வயலுக்கு எருவாகப் போகும். மரம் வளர்த்து வயலைக் காப்பது அன்றைய யோசனை. ஐம்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. ஊருக்கு விறகு பெரிதாக வேண்டியதில்லை. வயலில் மிஞ்சுவதுதான் எரிகிறது. இப்போது வயலின் மிச்சம் மரத்தைக் காக்க வேண்டிய முறை.

அந்த 1976 யோசனையின்படி சுவீடன் உதவியோடு 1981 முதல் தமிழ்நாட்டு ஏரி உள்வாய்களில் கருவேல மரங்கள் நடப்பட்டன. ஏலம் விட்டால் ஊராட்சிக்கும் பங்கு வந்தது. 1997-ல் ஜப்பான் நிதியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கி, காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. இரண்டிலிருந்தும் கற்க ஒன்று உண்டு. பணமும் பங்கும் ஊருக்கு வந்தவரை ஊர் மரத்தைப் பார்த்துக்கொண்டது. திட்டக் காலம் முடிந்து பணம் நின்றதும் குழுக்கள் பல இடங்களில் பதிவேட்டோடு நின்றன. நிதி வரும்போது மட்டும் கூடும் குழுவை நம்பிக் காடு வளர்க்க முடியாது. ஒவ்வோர் அறுவடையிலும் தானாக வரும் ஒரு பொருளையும், ஒவ்வோர் ஆண்டும் தானாக எழும் ஒரு தேவையையும் அடித்தளமாகக் கொண்ட ஏற்பாடுதான் நிற்கும். தட்டையும் மரக்குழியும் அப்படிப்பட்ட இணை.

தெரிந்த வித்தை, சேராத செய்தி

மக்கவைக்கும் முறை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நூல்களில் பல காலமாக இருப்பதுதான். தென்னை நார்க் கழிவைச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைக்கும் முறை அங்கிருந்து பரவியது. மக்காச்சோளத் தட்டையில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 60-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. நன்றாக மக்க 30-க்கு 1 வேண்டும். அதனால் தட்டை மட்டும் குவித்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சாணக் கரைசலோ, கிளைரிசிடியா, புங்கன், எருக்கு போன்ற பச்சைத் தழையோ அடுக்கடுக்காகக் கலந்தால் வேலை துரிதமாகும். தட்டை விரல் நீளத்துக்கு நறுக்கப்பட்டிருக்க வேண்டும். மாசி, பங்குனியில் தண்ணீர் அரிதான ஊர்களில் குவியலை மேட்டில் போடாமல் பள்ளத்தில் இட்டுச் சேற்றால் மெழுகிவிட்டால் ஈரம் தங்கும். சித்திரைக் கோடை மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மூடாக்கிலும் சூட்சுமம் இருக்கிறது. செம்மண் பூமியில் காய்ந்த தட்டையைத் தண்டை ஒட்டிக் குவித்தால் கரையான் வந்து, தட்டையோடு கன்றையும் சேர்த்துத் தின்னும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுப் போட வேண்டும்; வேப்பம் பிண்ணாக்குத் தூள் கொஞ்சம் தூவலாம். சின்ன வெங்காயத்தில் கோழிக்கால் நோய் வந்த வயலின் தாளை நன்றாகச் சூடேறாத குவியலில் சேர்த்துத் திரும்ப வெங்காயத்துக்கே இடக் கூடாது, நோய் வளையவரும். அந்த எருவை மரத்துக்கு இடுவதே பாதுகாப்பு. வயலில் போட அஞ்சும் கழிவுக்கு மரக்குழி நல்ல இடம் என்பதை வேளாண் துறையும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே நாளில் முடிவு செய்திருக்கலாம்.

காட்டுப் பயிரிலும் கழிவு உண்டு. தைலமரம் வெட்டினால் கட்டை காகித ஆலைக்குப் போகிறது. பட்டையும் இலையும் மிலாரும் தோப்பில் கிடந்து, மறுதாம்பு விடுமுன் கொளுத்தப்படுவதுண்டு. மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் பெரும்பங்கு கட்டையில் இல்லை. பட்டையிலும் இலையிலும்தான் இருக்கிறது. அதை எரித்துவிட்டு, தைலமரம் மண்ணைச் சாரமில்லாமல் ஆக்குகிறது என்று மரத்தை மட்டும் குறை சொல்கிறோம். அதன் தண்ணீர்ப் பசி பற்றிய புகார் வேறு, அது நியாயமானது. சத்துக் கொள்ளையில் தீக்குச்சிக்கும் பங்கு உண்டு. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு 1974 முதல் இயங்கும் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் நினைத்தால், தன் தோப்புகளில் மிலாரை எரிக்காமல் தூளாக்கிப் பரப்பும் வழக்கத்தைத் தொடங்கி முன்மாதிரி காட்டலாம்.

வேளாண் கழிவு காட்டைக் காக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. கரூர் அருகே காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக வைத்தே திட்டமிடப்பட்டது. சர்க்கரை ஆலை தன் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக வேறு எரிபொருள் தருவது என்று ஏற்பாடு. எரிந்துகொண்டிருந்த பொருளுக்கு இன்னொரு பயன் இருப்பதை ஒருவர் கண்டார். எரிப்பவருக்கு நட்டம் வராதபடி மாற்று தந்தார். காடு அந்த அளவுக்குத் தப்பியது. பெரம்பலூர்த் தட்டைக்கும் வேண்டியது இதே பேரம்தான்.

கற்பிப்பது யார்?

பேரம் பேச ஊருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி என்றால் நம் ஊர்களில் ஒரு வழக்கமான காட்சி உண்டு: பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பதாகை, இரண்டு மணி நேரப் பேச்சு, சாம்பார் சாதம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. இதில் யாரும் குவியல் போடக் கற்பதில்லை. குவியலின் சூட்டை உள்ளங்கையால் பார்த்தும், வாடை பிடித்தும், மூன்றாம் வாரம் புரட்டிப் போட்டும்தான் அந்த வேலை கைவரும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற உழவர் இருந்தார், 2023-ல் காலமானார். 1980-களின் பஞ்சத்தில் ஊரே வெளியேறியபோது அவர் பாறையாக இறுகிய நிலத்தில் குழி வெட்டி, அதில் சாணமும் தழையும் வயல் கழிவும் நிரப்பினார். மட்கும் பொருளைத் தேடி வந்த கரையான் மண்ணைத் துளைத்தது. துளை வழியே மழை இறங்கியது. தானியம் விளைந்தது, சாணத்தில் கலந்திருந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றைக் களையாக நினைத்துப் பிடுங்காமல் காத்தார். ஏறத்தாழ 40 ஹெக்டேர் காடு உருவானது. அண்டை அயலார் முதலில் அவரைப் பைத்தியம் என்றார்கள். அவர் செய்த இன்னொரு காரியம் நமக்கு முக்கியம். 1984 முதல் தன் நிலத்திலேயே ஆண்டுக்கு இருமுறை சந்தை கூட்டினார். சுற்றுவட்டார உழவர்கள் விதை கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். குழி வெட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். மாற்று நோபல் எனப்படும் விருது 2018-ல் அவருக்குக் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் நடத்திய பள்ளி அது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சேந்தன்குடியில், 2018-ல் மறைந்த மரம் தங்கசாமி தன் நிலத்தையே தோப்பாக்கி, வருகிறவருக்கெல்லாம் சருகுக்கு அடியில் இருக்கும் மண்ணைக் காட்டினார். உழவர் உழவரிடம்தான் கற்கிறார்.

இந்த இரு மாவட்டங்களுக்கும் இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரம்பலூரின் வேளாண் அறிவியல் மையம் வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் நிறுவனத்தின் பொறுப்பிலும், அரியலூரின் மையம் சோழமாதேவியில் கிரீடு நிறுவனத்தின் பொறுப்பிலும் நடக்கின்றன. இரண்டும் தன்னார்வ அமைப்புகள் நடத்துபவை. துறைச் சுவர்களைத் தாண்டி ஊருக்குள் இறங்க அவற்றுக்கு எளிது. வேப்பந்தட்டையில் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வனத்துறைக்கு நாற்றங்கால்கள் இருக்கின்றன. பள்ளிகளில் தேசிய பசுமைப் படை இருக்கிறது. ஊராட்சிகளில் ஊரக வேலைத் திட்டத்தில் கட்டிய மண்புழு உரக் கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் சில பழைய சாமான் அறையாகிவிட்டதும் ஊரறிந்ததே. எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. இவற்றைக் கோத்து ஓர் ஆண்டு முழுவதும் நடக்கும் வயல்வெளிப் பள்ளியாக்கினால், கற்பது பேச்சோடு நிற்காது.

பெண்களுக்கு இதில் முதலிடம் தர வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கதிர் ஒடிப்பது, பருத்தி எடுப்பது, முந்திரி பொறுக்குவது, கன்றுக்குக் குடத்தில் தண்ணீர் சுமப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலை. கழிவு எங்கே, எவ்வளவு, எப்போது மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு எருத் தயாரிப்பையும் நாற்றங்காலையும் சேர்த்தே கொடுத்தால், கன்றும் எருவும் ஒரே கையில் இருக்கும். ஒரே எச்சரிக்கை: இதைச் சேவை என்று சொல்லி இலவச உழைப்பாக வாங்கக் கூடாது.

மாடு, மண், மரம், சூளை

இந்த யோசனைக்கு ஒரு போட்டி வளர்ந்துவருகிறது. அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காடு வேளாண் கழிவுக் கட்டிகளையும் எரிக்க வேண்டும் என்று ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது; பிறகு அளவை உயர்த்தவும் செய்தது. சிமெண்ட் சூளைகளும் கார்பனைக் குறைக்க மாற்று எரிபொருள் தேடுகின்றன. அரியலூரோ சிமெண்ட் ஆலைகளின் மாவட்டம். நாளை தட்டைக்கும் பருத்திமாருக்கும் ஆலை வாசலில் விலை வரும். உழவருக்கு அது நல்ல செய்தி. வயலில் வீணாக எரிவதைவிடச் சூளையில் எரிந்து நிலக்கரியை மிச்சப்படுத்துவது மேல்.

ஆனால் எல்லாம் சூளைக்குப் போய்விட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது என்ன? வயலில் எரிந்தால் சாம்பலாவது வயலில் கிடக்கும்; லாரி ஏறினால் அதுவும் இல்லை. ஆகவே ஒரு முன்னுரிமை வேண்டும். தின்னத்தக்கது முதலில் மாட்டுக்கு. அடுத்து, மக்கத்தக்கதில் வயலுக்கு வேண்டியது மண்ணுக்கு. பிறகு குழிக்கும் மூடாக்குக்கும் நாற்றங்காலுக்கும் வேண்டியது மரத்துக்கு. இதற்கெல்லாம் போக மிஞ்சும் கடினமான மார், எண்ணெய் எடுத்த முந்திரி ஓடு, ஏரிகளிலிருந்து பிடுங்கும் சீமைக்கருவேல விறகு ஆகியவை சூளைக்கு. சீமைக்கருவேலத்தைப் பொறுத்தவரை சூளைதான் சரியான இடம். ஏரியும் மீளும், ஆலைக்கும் எரிபொருள் ஆகும்.

அரியலூரின் செல்வமே ஒரு பழைய எச்சம்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் இங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகளும் சேறும் படிந்து இறுகியதே இன்றைய சுண்ணாம்புக்கல். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 12 கோடி ஆண்டு பழமையான 18 மீட்டர் கல்மரம் கிடக்கிறது. அந்தச் சேமிப்பைத் தோண்டி விற்கும் தலைமுறை நாம். தோண்டுவதற்கு ஈடாக மேல்மண்ணில் எதையாவது சேர்ப்பது குறைந்தபட்சக் கடன்.

அதற்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2015-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை கட்டாயமானது. பழைய குத்தகைக்காரர்கள் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையும், ஏலத்தில் எடுத்த புதியவர்கள் 10 விழுக்காடும் அதற்குத் தர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவற்றோடு சுற்றுச்சூழலும் அதன் முன்னுரிமைச் செலவில் ஒன்று. சாலைக்கும் கட்டடத்துக்கும் போவதில் ஒரு சிறு பங்கு போதும், சுரங்க ஊர்களுக்குத் தட்டை தூளாக்கும் கருவி வாங்க. பெரம்பலூரில் வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகை செயலி வழியே விடும் இயந்திரங்களில் அந்தக் கருவியையும் கூட்டி, தை முதல் பங்குனி வரை குறைந்த வாடகையில் தரலாம். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் மண்வளத்துக்கே தனி நிதி இருக்கிறது.

கிராம சபைக்கு ஒரு நாள்காட்டி

எல்லாவற்றையும் கட்டிப்போடும் முளை கொள்முதல். வனத்துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் தங்கள் நாற்றங்காலுக்கும் குழிக்கும் வேண்டிய எருவை அந்தந்த ஊர் மகளிர் குழுவிடம் முன்கூட்டி அறிவித்த விலையில் வாங்க வேண்டும். வாங்குபவர் உறுதியாக இருந்தால் செய்பவர் தானாக வருவார். தட்டை கொடுக்கும் உழவருக்குக் கிலோ கணக்கில் எருவாகவோ, வரப்பில் நட நல்ல கன்றாகவோ திருப்பித் தரலாம்.

இதற்குப் புதிய குழு வேண்டாம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அந்தத் தேதிகள் இந்த வேலைக்கென்றே குறித்ததுபோல் விழுகின்றன. ஜனவரி 26: யார் யார் தட்டையை எரிக்காமல் தருகிறார்கள், இயந்திரம் எந்த நாளில் எந்தத் தெருவுக்கு என்று முடிவு. மார்ச் 22: குவியல் எங்கெங்கே, தண்ணீருக்கு என்ன வழி. மே 1: கோடையில் பிழைத்த பழைய கன்று எத்தனை என்று ஊரார் முன்னிலையில் எண்ணிக்கை. ஆகஸ்ட் 15: எரு எடை, விலை, குழுவின் கணக்கில் வரவு. அக்டோபர் 2: எந்த நிலத்தில் எந்த மரம், வேம்பா, புங்கனா, இலுப்பையா, உழவருக்கு விற்கத்தக்க மலைவேம்பா, தேக்கா. நவம்பர் 1: நட்டதற்குப் பொறுப்பாளர் பெயர். ஆண்டுதோறும் இந்த ஆறு கேள்விகளைக் கேட்கும் ஊரில் கல்வி தனியாக நடத்தத் தேவையில்லை.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது: குத்தகை நிலத்தில் உழுபவர் மரம் நடமாட்டார். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மண்ணில் முதலீடு செய்யமாட்டார். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இழுத்தடித்தபோது, அந்த ஊர்கள் இதை அனுபவித்தன. குத்தகை உழவர்களுக்குப் பொது நிலத்து மரத்தின் பலனில் எழுத்துமூலம் பங்கு வேண்டும். ஏரிக்கரைப் புளியும் இலுப்பையும் ஏலம்போகும்போது, அந்தக் குழியை நிரப்பியவர் பெயரும் பங்குப் பட்டியலில் இருக்க வேண்டும்.

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை லட்சம் கன்று நட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதிலாக, போன மாசியில் உங்கள் ஒன்றியத்தில் எத்தனை ஏக்கர் தட்டை எரியாமல் எருவானது, மூன்றாம் கோடையைத் தாண்டி எத்தனை மரம் நிற்கிறது என்று ஆட்சியர்கள் கேட்கத் தொடங்கட்டும். அதற்கு விடை சொல்ல ஊராட்சிக்குக் கருவியும், எருவுக்கு ஒரு கொள்முதல் விலையும் முதலில் போய்ச் சேர வேண்டும். அவை இரண்டையும் கொடுக்காமல், எரிக்காதே என்று உழவரிடம் சொல்லும் தகுதி நமக்கு இல்லை.